ஞாயிறன்று காலியாக இருந்த நாற்காலி

1

"உங்க தீவு மொத்தத்தையும் கப்பல்ல ஏத்திக் கொண்டு வந்து இறக்கினாலும் எங்க ஊர்ல ஒரு மூலை நிறையாது. அப்புறம் எந்த முகத்தோட எங்களுக்குச் சமமா வந்து உட்காருறீங்க?"

கேட்டவள் கியோமி, சூக் தீவுக்காரி. கேட்கப்பட்டவள் இதை எழுதுகிறவள், கோஸ்ரே தீவுக்காரி. போன்பெய் தீவில் ஒரு கடையில் இரண்டு பேரும் அரிசி மூட்டையைப் பிரித்துப் பை பையாக எடை போட்டுக்கொண்டிருந்தபோது வானொலியில் நாட்டு மன்றத்தைப் பற்றி ஏதோ செய்தி வந்தது. அதைக் கேட்டுத்தான் கியோமிக்கு இந்தச் சந்தேகம். எழுதுகிறவளுக்கு வாய் எப்போதுமே தாமதமாகத்தான் திறக்கும். அது திறப்பதற்குள் கியோமி அடுத்த மூட்டையைப் பிரித்துவிட்டாள்.

இந்தக் கதை அங்கே பிறந்தது. சொல்லாமல் போன பதிலைச் சொல்லப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

கணக்கை முதலிலேயே சொல்லிவிடலாம். பசிபிக் கடலில் நான்கு தீவுகள் சேர்ந்தது எங்கள் நாடு; அதன் சட்டம் இயற்றும் மன்றத்தில் சூக்குக்கு ஆறு நாற்காலி, கோஸ்ரேக்கு இரண்டு. ஆறும் இரண்டும் சமமில்லை என்பது பள்ளியை விட்டவளுக்கும் தெரியும். ஆனால் அந்த ஆறில் ஒன்றும் இந்த இரண்டில் ஒன்றும் வேறு மாதிரி நாற்காலிகள். அவற்றுக்குத் தலையை எண்ணுவதில்லை. தீவு என்று ஒன்று கடலுக்கு மேலே தெரிந்தால் போதும், ஒரு நாற்காலி. மற்றவற்றுக்குத்தான் தலைக்கணக்கு.

யாருக்கு இப்படித் தோன்றியது? தோன்றிய அன்று அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், யார் மேல் கோபமாக இருந்தார்கள்? கேட்டுப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. தெரியாததால்தான் எழுத முடிகிறது.

(கதையில் "நான்" என்று எழுதினால் பேனா நின்றுவிடுகிறது. ஆகவே "எழுதுகிறவள்" என்றே இருக்கட்டும். "எங்கள்" என்பது மட்டும் அவ்வப்போது கையை மீறி வந்துவிடும்.)

2

முதல் தொடக்கம்:

"1975ஆம் ஆண்டு, பசிபிக் பெருங்கடலில் இறைந்து கிடக்கும் தீவுகளின் பிரதிநிதிகள் சைப்பான் தீவில் ஒன்றுகூடி, பிறக்கவிருக்கும் தேசத்தின் அரசியல் சாசனத்தை வகுக்கும் பொருட்டு—"

'வகுக்கும் பொருட்டு' என்று எழுதியதும் எழுதியவளுக்கே கொட்டாவி வந்தது. விட்டாயிற்று.

இரண்டாம் தொடக்கம்:

"யாப் தீவுக்கு அப்பால் இருக்கும் சின்னத் தீவுகளில் கடலாமை பிடிபட்டால், வெட்டுகிறவன் முதலில் குலத்துக்கு ஒரு துண்டு என்று எடுத்து வைப்பான். மீதியைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிடுவான். தன் பங்கை எல்லோருக்கும் பிறகு—"

இது அழகாக இருக்கிறது. அதனால்தான் சந்தேகம் வந்தது. ஆமையை வெட்டத் தெரிந்தவர்களுக்குச் சட்டம் தானாக வந்துவிட்டது என்று முடிச்சுப் போட்டால், சைப்பானில் தொண்டை வறள வாதாடியவர்கள் வெறும் ஆமைக்கறி தின்றவர்களாகிவிடுவார்கள். இதுவும் போகட்டும்.

மூன்றாம் தொடக்கம்:

"மொங்கேயா சபைக்கு நடுவில் எழுந்து நின்று கையை உயர்த்தினார்."

இது இருக்கட்டும்.

3

மொங்கேயா சபைக்கு நடுவில் எழுந்து நின்று கையை உயர்த்தினார். இடம் கோஸ்ரேயில் மாலெம் கிராமத்துக் கிறிஸ்தவ சபை. ஐம்பதைத் தாண்டிய மனிதர், தச்சர், அதைவிட முக்கியமாகப் பாட்டுத் தலைவர். கிறிஸ்துமஸுக்கு மாலெம் கிராமமே வரிசை கட்டி நடந்து பாடும்போது எல்லோர் கண்ணும் அவர் கையில்தான் இருக்கும். சைப்பான் மாநாட்டுக்கு அவரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டவர்களுக்குக் கிராமத்தார் சொன்ன பதில்: "சைப்பான் தூரமாச்சே. குரல் எட்டணுமில்ல?"

பெண்கள் பக்கத்து பெஞ்சிலிருந்து அவருடைய அக்கா கென்யே எழுந்தாள்.

"போய் என்ன கொண்டு வருவே?"

"முடிஞ்சதைக் கொண்டு வரேன்க்கா."

"முடிஞ்சதைக் கொண்டு வர்றதுக்கு நீ எதுக்கு? தபால் கப்பலே கொண்டு வந்துடுமே."

சபை சிரித்தது. போதகர்கூடக் குனிந்துகொண்டார்.

"நாம இப்பவே போன்பெய் நிர்வாகத்துக்கு வால் மாதிரித்தான் தொங்கிட்டிருக்கோம்," என்றாள் கென்யே. "இந்தத் தடவை விட்டா நம்ம பிள்ளைங்களும் வால்தான். தீவுக்குத் தீவு சமம். அதுக்குக் குறைஞ்ச காகிதத்துல என் கை படாதுன்னு சொல்லு. வீட்ல வந்து சொல்லாத. இங்க நின்னு சொல்லு."

சொன்னார். கையை உயர்த்தி, எல்லோருக்கும் கேட்கும்படி.

சபை முன்னால் கொடுத்த வார்த்தையை உடைத்தவனுக்கு மாலெமில் அடி உதை கிடையாது, யாரும் திட்டவும் மாட்டார்கள். அவன் கதவோரத்துக் கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும். நற்கருணை அப்பமும் திராட்சரசமும் அவனைத் தாண்டிப் போகும். பாட்டு நடத்த முடியாது. சபை மனமிரங்கித் திரும்பக் கூப்பிடும்வரை அப்படித்தான். சிலரைச் சீக்கிரம் கூப்பிட்டார்கள். ஒருவரைக் கூப்பிடுவதற்குள் அவர் இறந்துபோனார். மொங்கேயாவிடமிருந்து பாட்டை எடுத்துவிட்டால் மிச்சம் ஒரு தச்சர், அவ்வளவுதான்.

[கென்யே இருந்தாளா? இல்லை. முதல் எழுத்தில் அவள் மனைவியாக இருந்தாள். அடுத்ததில் ஆளே இல்லை, "கிராமத்தார்" என்று மட்டும் இருந்தது. ஊரிடம் மன்னிப்புக் கேட்பது சுலபம், அக்காவிடம் கேட்பது கஷ்டம். அதனால் அக்கா. மொங்கேயா என்று ஒரு பிரதிநிதியும் இருந்ததில்லை, பின்னால் வரும் குழுவும் அதன் ஆட்களும் எழுதுகிறவள் கட்டியவை. மாநாடு உண்மை. கடைசியில் பிறந்த ஏற்பாடும் உண்மை, நாட்டின் சட்டத்தில் இருக்கிறது. இல்லாத மனிதர்களை நிறுத்தி வைத்து, இருக்கிற ஒன்றை அண்ணாந்து பார்க்கிறாள்.]

4

சைப்பானில் மொங்கேயாவுக்குக் கொடுத்த அறையில் ஏற்கெனவே ஒருவர் கட்டிலில் படுத்துக் காலை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"வாடா மொங்கே. இன்னும் ஆணியைக் கோணலாத்தான் அடிக்கிறியா?"

"நீ இன்னும் அடுத்தவன் சுத்தியலைத்தான் எடுக்கிறியா?"

சூக் தீவின் பிரதிநிதி ரொக்குரோ. ஜப்பான் இந்தத் தீவுகளை ஆண்ட காலத்தில் கோரோர் என்ற ஊரில் தச்சுப் பள்ளி ஒன்று இருந்தது. எல்லாத் தீவிலிருந்தும் பையன்கள் அங்கே போனார்கள். ஒரே பட்டறையில் ஒரே ஆசிரியரிடம் ஒரே பிரம்படி வாங்கியவர்கள் இவர்கள் இருவரும். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. அன்று வாங்கிய ஜப்பானிய மொழியில்தான் இன்றும் பேச்சு, கேலி எல்லாம்.

சாயங்காலம் டப்பா மீனைத் திறந்து சோற்றில் கொட்டிக்கொண்டு இரண்டு பேரும் எதிரெதிர்க் கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

"சாப்பிடறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்," என்றார் ரொக்குரோ. "எங்க ஆளு முப்பதாயிரத்துக்கு மேல. உங்க ஆளு ஐயாயிரம் தேறுமா?"

"தேறாது."

"அப்போ எங்க ஊர்ல ஆறு பேர் கத்தறதும் உங்க ஊர்ல ஒருத்தன் முனகறதும் ஒரே சத்தமா? நீ பாட்டு வாத்தியார். நீயே நியாயம் சொல்லு."

"பாட்டுல சத்தமா கணக்கு? நாலு குரல் வேணும். ஒரு குரலுக்கு ஆள் கம்மிங்கறதுக்காக அந்தக் குரலையே எடுத்துட்டா அது பாட்டில்ல, கூச்சல்."

"நல்லாத்தான் பேசறே. உன்னை அனுப்பினவங்க கெட்டிக்காரங்க." ரொக்குரோ தட்டைக் கீழே வைத்தார். குரல் மாறிவிட்டது. "போர்க் கடைசியில கப்பல் வராம நின்னு போச்சே, அப்ப நீ எங்க இருந்தே?"

"கோரோர்ல."

"நான் ஊருக்குப் போயிட்டேன். ஜப்பான் பட்டாளத்துக்கு எண்ணி எண்ணி அரிசி போட்டாங்க. எங்களை எண்ணலை. எண்ணாதவனுக்குப் பங்கு ஏது? எங்க மரத்துக் காயையே நாங்க தொடக்கூடாது. என் தங்கச்சி கண்ட இலையைத் தின்னு வயிறு ஊதிச் செத்தாடா. அவ இருந்தாங்கறதுக்கு எந்தக் கணக்குலயும் ஒரு கோடுகூட இல்லை. இப்ப முதல் தடவையா எங்க தலையை எண்ணறதுக்கு ஒரு நாடு வருது. நீ வந்து எண்ணாதேங்கறே."

மொங்கேயா கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்க ஊருக்குத் திமிங்கில வேட்டைக் கப்பலுங்க வந்தப்போ நாங்க ஆயிரக்கணக்குல இருந்தோம்," என்றார். "அவங்க விட்டுட்டுப் போன நோய் ஓயறப்போ முந்நூறு பேர். முழுத் தீவுக்கும் முந்நூறு. மலைச்சரிவுல இன்னும் சுவர் நிக்குது, உள்ள ஆள் இல்லை. அந்த முந்நூறு பேர் பெத்ததுதான் நாங்க. நீ தலையை எண்ணினா நாங்க எத்தனை பேர் இருக்கோம்னு தெரியாது ரொக்கு. எத்தனை பேர் செத்தாங்கன்னுதான் தெரியும். அதுக்கும் எங்களுக்கே தண்டனையா?"

எழுதுகிறவள் இங்கே நிறுத்தினாள். ரொக்குரோவை முரடனாக எழுதத்தான் கிளம்பினாள். பெரிய தீவு, பெரிய வயிறு, அடுத்தவன் சுத்தியலை எடுக்கிற கை. கியோமிக்குப் பதில் சொல்ல அதுதான் சுலபமான வழி. அவர் தங்கையைப் பற்றிச் சொல்வார் என்று அவள் நினைக்கவில்லை. இப்போது இரண்டு பேர் சொல்வதும் நியாயமாக இருக்கிறது. ஒன்றை வைத்தால் மற்றது விழுகிறது. வெட்ட வேண்டியது இரண்டு நியாயங்களில் ஒன்றை என்றால் எந்தக் கை கத்தியை எடுக்கும்? பள்ளியில் "சமரசம்" என்ற சொல்லுக்கு இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது என்று எழுதிப் போட்டார்கள். விட்டுக்கொடுக்க வேண்டியது இறந்துபோன தங்கை என்று யாரும் எழுதிப் போடவில்லை.

5

மாநாடு நீண்டுகொண்டே போயிற்று. நாற்காலிப் பிரச்சினையைத் தீர்க்கத் தீவுப் பகுதிக்கு ஒருவர் என்று ஏழு பேர் கொண்ட குழு போட்டார்கள். தலைவர் யாப்பிலிருந்து வந்த கில்மார். வெற்றிலைக் கூடை இல்லாமல் எங்கும் போகாதவர், வாய் சிவக்கச் சிவக்கப் பேசுவார். ஏழு பேரில் ரொக்குரோவும் சேர்த்து நான்கு பேர் தலைக்கணக்குப் பக்கம் சாய்ந்திருந்தார்கள். கில்மாரும் இன்னொருவரும் எந்தப் பக்கமும் சாயாமல் நழுவிக்கொண்டிருந்தார்கள். மொங்கேயா தனி.

ஒரு சனிக்கிழமை மாலை கில்மார் கூடையை மூடினார்.

"நாளைக்குக் காலையில உட்காருவோம். திங்கட்கிழமை மாநாட்டுல ஏதாவது ஒண்ணை வெச்சே ஆகணும். இல்லேன்னா ஆளாளுக்கு மூட்டையைக் கட்டிடுவாங்க."

"நாளைக்கு ஞாயிறு," என்றார் மொங்கேயா.

"தெரியும். அதுக்கு அடுத்த நாள் திங்கள். அதுவும் தெரியும்."

எல்லோரும் சிரித்தார்கள். கோஸ்ரேயின் ஞாயிற்றுக்கிழமை எல்லாத் தீவுக்கும் தெரிந்த வேடிக்கை. அன்று அடுப்பிலிருந்து புகை எழாது. ஈரப்பலாவையும் கிழங்கையும் சனிக்கிழமையே சுட்டு வைத்துவிடுவார்கள். வலை எடுத்தவனைப் பார்க்க முடியாது. பிள்ளைகள்கூட ஓடமாட்டார்கள், நடப்பார்கள்.

"கோஸ்ரே மீனுக்கே ஞாயித்துக்கிழமை லீவுப்பா," என்றார் ஒருவர்.

"ஒரு நாள்தானே. கர்த்தர் கண்டுக்கமாட்டார்."

"அவர் கண்டுக்கமாட்டார். எங்க அக்கா கண்டுப்பா," என்றார் மொங்கேயா. இன்னும் பெரிய சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. "நான் வரமாட்டேன்."

வெளியே வந்ததும் ரொக்குரோ அவர் தோளைப் பிடித்தார். "விளையாடாதே மொங்கே. நாலு பேர் என் பக்கம் இருக்காங்க. நீ வரலேன்னா நீ இல்லாமலே முடிஞ்சிடும்."

"முடிஞ்சா முடியட்டும்."

அறைக்குப் போனதும் மொங்கேயா பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினார்.

* எழுதுகிறவளுக்கு இந்த இடத்தில் அவர் மேல் சந்தேகம். அது பக்திதானா? அவர் இல்லாதபோது முடிவெடுத்துவிட்டால் அவர் கை எந்தக் காகிதத்திலும் படாது. வார்த்தை உடையாது. ஊருக்குப் போய், "நான் இல்லாதப்போ பண்ணிட்டாங்க" என்று சொல்லலாம். பாட்டு அவரிடமே இருக்கும். தீவு மட்டும் போகும். "அவர் மனசாட்சியின் குரலுக்குச் செவிசாய்த்து—" என்று எழுதி அடித்துவிட்டாள். பெட்டியை அவர் கொஞ்சம் வேகமாகவே அடுக்கினார்.

6

ஞாயிறு காலை. நீள மேசை, ஆறு பேர், ஏழு நாற்காலிகள். இடம் போதாமல் இருந்தும் காலி நாற்காலியில் யாரும் பையைக்கூட வைக்கவில்லை.

ரொக்குரோவின் காகிதம் மேசை நடுவில் இருந்தது. எல்லா நாற்காலிகளும் தலைக்கணக்கில்.

"எண்ணிடலாமா?" என்றார் கில்மார்.

ரொக்குரோ காலி நாற்காலியைப் பார்த்தார்.

"ஏம்பா, உன்னைத்தான். நாலு பேர் இருக்காங்க. போதும். எண்ணலாமா?"

"அவன் இல்லையே."

"இல்லைதான். அவன் சபையில முழங்கால்ல நிப்பான். அதுக்கு நாம என்ன பண்ணறது?" கில்மார் பாக்கைக் கடித்தார். "இத்தனை நாளா தலையை எண்ணு தலையை எண்ணுன்னு எங்க காதைத் தின்னவன் நீ. எண்ணிப் பாரு. குறையறது ஒரே தலை. அந்தத் தலை வந்தாலும் வராட்டாலும் நாலு நாலுதான்."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்புறம் என்ன?"

"அவன் ஒரு தலை இல்லைப்பா," என்றார் ரொக்குரோ. "அது கோஸ்ரே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது. இத்தனை வாரங்களாக மொங்கேயா மூச்சுமுட்டச் சொல்லிக்கொண்டிருந்தது அதுதான். அதை இப்போது சூக் சொல்லிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. கில்மாரின் தாடை அசையாமல் நின்றது.

"அப்போ இன்னிக்கு என்ன பண்ணறது?" என்றார் மூலையில் இருந்தவர்.

"இன்னிக்கு ஞாயிறு." ரொக்குரோ காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார். "நாளைக்கு வருவான்."

எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மதியம்வரை அந்த மேசையைச் சுற்றியே இருந்தார்கள். மீன் கதை பேசினார்கள், யாரோ தூங்கினார், யாரோ குறட்டை விட்டதற்கு இன்னொருவரைத் திட்டினார்கள்.

எழுதுகிறவள் இதைத் திரும்பத் திரும்பப் படிக்கிறாள். தானே கட்டிய காட்சி என்று தெரிந்தும் மயிர் கூச்செறிகிறது. ஏனென்றால் இந்தத் தீவுகளை ஸ்பெயின் ஜெர்மனிக்கு விற்றது, அது உண்மை. வாங்கியவனும் விற்றவனும் எந்தத் தீவையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஜப்பான் வந்தது, கேட்கவில்லை. அமெரிக்கா வந்தது, அதுவும் முதலில் வந்துவிட்டுப் பிறகுதான் கேட்டது. இத்தனை கொடிகள் ஏறி இறங்கியும் கோஸ்ரே வரட்டும் என்று யாரும் ஒரு காலைப் பொழுது உட்கார்ந்திருந்ததில்லை. காத்திருப்பதற்குக் கப்பற்படை தேவையில்லை. இருந்தும் அவர்களில் யாராலும் அது முடியவில்லை.

அந்த மதியத்தில் யாரும் சட்டம் எழுதவில்லை. ஆனால் நாடு அப்போதுதான் பிறந்தது என்று அவளுக்குத் தோன்றுகிறது. பிறந்த குழந்தைக்குப் பெயர் வைப்பதுபோல எழுத்தெல்லாம் பின்னால் வந்தது.

7

இதே ஞாயிறன்று மொங்கேயா சைப்பானில் ஒரு சபையில் என்ன செய்தார் என்பதை எழுத அவள் தயங்குகிறாள். இங்கே ரொக்குரோ மனம் மாற, அங்கே மொங்கேயாவும் மனம் மாற, தராசுத் தட்டு இரண்டும் ஒரே நேரத்தில் சமமாக நிற்க... நீங்கள் நம்புவீர்களா? நம்பாவிட்டால் இந்தப் பகுதியைத் தாண்டி எட்டுக்குப் போய்விடலாம்.

போகாதவர்களுக்கு: சபை நிறையச் சூக் ஆட்கள். கட்டட வேலைக்கும் கப்பல் வேலைக்கும் சைப்பான் வந்தவர்கள், மனைவி மக்களோடு. கோஸ்ரேயிலிருந்து மொங்கேயா மட்டும். தெரிந்த பாட்டு ஒன்று வந்ததும் பழக்க தோஷத்தில் கையை உயர்த்திவிட்டார். முன்னால் இருந்த பெஞ்சு திரும்பிப் பார்த்தது. பிறகு யாரும் சொல்லாமலே அந்தக் கையைப் பார்த்துப் பாடியது. சொற்கள் வேறு மொழியில் இருந்தன, மெட்டு அதேதான். கீழ்க்குரல் எங்கிருந்தோ வந்து தரையைத் தொட்டது. மாலெமில் எத்தனை வருஷமாகியும் அவருக்குக் கிடைக்காத கீழ்க்குரல். அதற்கு ஆள் வேண்டும். ஆள் இங்கே இருந்தார்கள்.

முடிந்ததும் பக்கத்திலிருந்த சிறுமி பள்ளியில் படித்த ஆங்கிலத்தில் கேட்டாள்: "மாமா, உங்க ஊர்ல இருந்து நீங்க மட்டும்தான் வந்தீங்களா?"

"ஆமா."

"பாவம்."

அவர் முதல்முறையாக பெஞ்சு பெஞ்சாக எண்ணிப் பார்த்தார். எண்ணி முடிவதற்குள் எல்லோரும் கலைந்துவிட்டார்கள்.

8

திங்கள் காலை மொங்கேயா பெட்டியோடு வந்தார்.

"முடிஞ்சுதா?"

"எங்க முடிஞ்சுது? ஆரம்பிக்கவே இல்லை," என்றார் கில்மார். முகவாயை ரொக்குரோ பக்கம் நீட்டினார். "இவனுக்கு நேத்து திடீர்னு பக்தி வந்துடுச்சு. நீ இல்லாம எண்ணமாட்டானாம். எங்க ஞாயித்துக்கிழமையும் போச்சு."

மொங்கேயா ரொக்குரோவைப் பார்த்தார்.

"என்ன பார்க்கறே? பெட்டியை வெச்சுட்டு உட்காருடா."

உட்கார்ந்தார். வெகுநேரம் யாரும் பேசவில்லை. எங்கள் தீவுகளில் இது வெட்கமில்லை, பேச்சில் அதுவும் சேர்த்தி.

"நேத்து உங்க ஊர்ப் பிள்ளைங்களைப் பார்த்தேன்," என்றார் மொங்கேயா கடைசியில். "அவங்களை எண்ணக்கூடாதுன்னு என்னால இனிமே சொல்ல முடியாது ரொக்கு."

"உன் நாற்காலியை எடுக்க என்னாலயும் முடியலை. நேத்து முயற்சி பண்ணிப் பார்த்தேன்."

"______________," என்றார் ________.

(இந்த வரியை எழுதுகிறவள் மூன்று முறை எழுதினாள். ஒருமுறை மொங்கேயா சொன்னார், ஒருமுறை ரொக்குரோ, ஒருமுறை குறட்டை விட்டவர். "அப்போ ரெண்டையும் வெச்சுக்குவோம்" என்பது போல ஏதோ ஒன்று. யார் வாயில் வைத்தாலும் அவர் மற்றவர்களைவிட உயரமாகிவிடுகிறார். ஆகவே கோடாகவே இருக்கட்டும்.)

பிறகு வேலை. தீவுக்கு ஒரு நாற்காலி, நான்கு வருஷத்துக்கு. மற்ற நாற்காலிகள் தலைக்கணக்கில், இரண்டு வருஷத்துக்கு.

"ஒரே வீட்டுல ரெண்டு விதமான மருமகளா?" என்றார் கில்மார். "சண்டை வராது?"

"வரும். தெருவுல போடறதுக்கு வீட்டுக்குள்ள போட்டுக்கறது மேல்," என்றார் மொங்கேயா.

"அதுலயும் தலைக்கணக்கு மருமகளுங்கதான் நிறைய. உன் ஒருத்தியை அமுக்கிட மாட்டாங்களா?"

அதற்கு ஒரு வழி கண்டுபிடிக்க அன்று முழுக்க ஆயிற்று. ஒவ்வொரு சட்டமும் இரண்டு வாசல் தாண்ட வேண்டும். முதல் வாசலில் ஓட்டு எடுக்கும்போது மன்றத்தில் இருக்கிற எல்லோருக்கும் ஆளுக்கொரு குரல். கடைசி வாசலில் தீவுக்கு ஒரே குரல். சூக்கின் ஆட்கள் எத்தனை பேர் இருந்தாலும் சேர்ந்து ஒன்று. கோஸ்ரே எத்தனை சிறியதானாலும் அதுவும் ஒன்று.

காகிதம் மொங்கேயாவிடம் வந்தது. பேனாவைத் தொடாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது சமமா ரொக்கு?"

"இல்லை. பாதி சமம்."

"பாதி சமம்னு ஒண்ணு உலகத்துல உண்டா?"

"இப்பதானே பண்ணி முடிச்சோம்."

[அவர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போவதாக ஒரு பக்கம் எழுதினாள். வார்த்தை காப்பாற்றப்பட்டது, கதை நின்றுபோனது. நாடு இருக்கிறதே, அதை என்ன செய்வது? அன்று உட்கார்ந்த தீவுகளில் சில பிற்பாடு வேறு வழி பார்த்துப் போய்விட்டன, நான்கு மிஞ்சின. இருந்தும் இரண்டு வாசலும் இன்றுவரை நிற்கின்றன.]

மொங்கேயா பேனாவை எடுத்தார். சபையில் உயர்த்திய அதே கை. மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, தன் பெயரை எழுதினார்.

9

அப்போது கோஸ்ரேக்கு விமானம் கிடையாது. போன்பெயிலிருந்து கப்பல். லேலு துறையில் இறங்கியபோது மாலெமிலிருந்து வண்டி பிடித்துக்கொண்டு பலர் வந்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. பாட்டுப் பயிற்சி அவருக்காகக் காத்திருந்தது.

கென்யே ஒரு கூடையோடு முன்னால் நின்றாள். சுட்ட ஈரப்பலாவும் ஆரஞ்சுப் பழங்களும்.

"இளைச்சுட்டே. சைப்பான்ல சோறு போடலையா?"

"டப்பா மீன்."

"சரி, சொல்லு. சமமா?"

கப்பலிலிருந்து இறங்கிய மற்றவர்களும் நின்றுவிட்டார்கள்.

"நமக்கு ரெண்டு நாற்காலி வரும்க்கா. ஒண்ணு தீவுக்கு. யாரும் எடுக்க முடியாது. இன்னொண்ணு தலைக்கணக்குல."

"சூக்குக்கு?"

"அவங்களுக்கும் தீவுக்கு ஒண்ணு. தலைக்கணக்குல நிறைய."

"நான் கேட்டது சமமான்னு."

"பாதி."

"காகிதத்துல கை போட்டியா?"

"போட்டேன்."

யாரோ இருமினார்கள். வண்டியிலிருந்த பிள்ளைகளைத் தாய்மார்கள் இறங்காதே என்று அதட்டினார்கள்.

"சபை முன்னாடி சொன்னதை உடைச்சுட்டேன்க்கா. கடைசி பெஞ்சுன்னா கடைசி பெஞ்சு. உட்காருறேன்," என்றார் மொங்கேயா. குரல், சைப்பானுக்கு எட்டிய குரல், இப்போது பக்கத்தில் நின்றவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. "ஆனா ஒண்ணு கேளு. ஒரு ஞாயித்துக்கிழமை நான் போகலை. எண்ணி முடிச்சிருக்கலாம். நான் தேவையே இல்லை அவங்களுக்கு. ஆறு தீவுக்காரங்களும் காகிதத்தைக் கவுத்து வெச்சுட்டு உட்கார்ந்திருந்தாங்க."

"எதுக்கு?"

"கோஸ்ரே வரட்டும்னு."

கென்யே அவர் முகத்தைப் பார்த்தாள்.

எழுதுகிறவள் அவளுக்கு மூன்று பதில் எழுதினாள். ஒன்றில், "அது போதும்டா" என்று தம்பியைக் கட்டிக்கொண்டாள். அது பொய், கென்யே அவ்வளவு மலிவில்லை. ஒன்றில், "உட்கார்ந்திருந்தாங்க சரி, உன்னை யாரு எழுதச் சொன்னது?" என்று கத்தினாள். அதுவும் பொய், கத்துகிறவளாக இருந்தால் அவர் பயந்திருக்க மாட்டார். மூன்றாவதில் அவள் பேச வாயைத் திறந்தாள், வாக்கியம் "அப்படின்னா நம்ம—" என்பதோடு நின்றது. அதற்கு மேல் எழுதுகிறவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்திராத ஒரு பெண்ணின் மனதுக்குள் நுழைய இவ்வளவு தூரம் வந்த பிறகும் அனுமதி கிடைக்கவில்லை.

அவளால் பார்க்க முடிந்ததை மட்டும் சொல்கிறாள். கடைசி பெஞ்சா, பாட்டா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கென்யே குனிந்து கூடையைத் தம்பியின் காலடியில் வைத்தாள். அவருக்காக வைத்தாளா, இனி தூக்குவதற்கில்லை என்று வைத்தாளா தெரியாது. மேலே மூடியிருந்த வாழையிலை காற்றில் விலகியது, அதை இழுத்துச் சரிசெய்தாள். நிமிர்ந்தாள். கூட்டம் வழிவிட்டது. வண்டியில் ஏறவில்லை. கடலோரமாகப் போகும் மாலெம் சாலையில், திரும்பிப் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் நடந்து போனாள்.